இடது கால்

கெட்டிலில் பனியை அமுக்கி அடுப்பில் வைத்துவிட்டுக் கதவோரம் வந்து உட்கார்ந்த பிறகுதான், அடியில் ஒரு மிடறு தண்ணீர் விட மறந்துவிட்டது சவேலிக்கு உறைத்தது. தண்ணீர் விடாமல் வெறும் பனியைக் காய்ச்சினால் அடி தீய்ந்துவிடும், டீ கருகல் நாறும். பெண்டாட்டி மார்ஃபா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஊர் ஊராய்ப் போய் வியாபாரம் பண்ணத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு கெட்டில் வைக்கத் தெரியவில்லையே என்று அடுப்படியில் நின்று சொல்வாள், பாதியை அவனிடம், பாதியைத் தனக்குள். எழுந்துபோய்ச் சரிசெய்யலாம், நாலு எட்டுத்தான். அவன் எழவில்லை. எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் பலகைத் தரையில் இடது கால் படும் சத்தம் கேட்கும். இரண்டு நாளாக அந்தக் காலின் சத்தமே வேறாக இருக்கிறது, யாரோ ஒரு விறகுக் கட்டையை மெதுவாகக் கீழே வைப்பதுபோல. கெட்டிலைக் கொண்டுபோய் வைக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால்தான் தத்தினான். அந்தப் பக்கம் பலகையில் படுத்திருக்கும் இக்னாத்துக்கு இப்போது கண் இல்லை, காதுதான். கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, துணிக்கு அடியில் ஊறிய தேயிலைச் சக்கையை வைத்துக்கொண்டு மூன்று நாளாக மல்லாந்து கிடக்கிறான். இருபத்திரண்டு வருஷமாக சவேலிக்கு நாய்வண்டி ஓட்டுகிறவன். ஆற்றங்கரை ஊரில் இருக்கும்போது முதலாளி என்பான், நீங்கள் வாருங்கள் என்பான், கடைக்குள் வந்தால் தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் நிற்பான். உறைந்த கடலில் வண்டி இறங்கிவிட்டால் அதெல்லாம் போச்சு, சவேலி என்றும் நீ என்றும் ஆகிவிடும். யாரும் பேசிவைத்துக்கொண்டதில்லை, முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தான். இப்போது அவன் தூங்குகிறானா விழித்திருக்கிறானா என்பதுதான் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறவனிடம் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பனி உருகும் சத்தம் இன்னும் வரவில்லை. கெட்டில் வெறுமனே கிறீச்சிட்டது. தீய்கிறது, தீயட்டும்.

இடது காலை நீட்டினால் நன்றாக இருக்குமா, மடக்கினால் நன்றாக இருக்குமா என்று யோசித்தான், பிறகு இரண்டும் ஒன்றுதான் என்பது ஞாபகம் வந்தது. நேற்றுக் காலை தோல் தைக்கும் ஊசியை எடுத்து, பூட்ஸுக்கு மேலேயே, கட்டைவிரல் இருக்கும் இடத்தில் அழுத்தினான். ஊசி போய்க்கொண்டே இருந்தது. எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான், வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி. அப்புறம் உருவி, துடைத்து, உறையில் வைத்தான். ஊசி துரு ஏறக் கூடாதல்லவா. பயம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. பயம்கூட அந்தப் பூட்ஸுக்குள் எங்கேயோ கால்மாட்டில் கிடக்கிறது போலும். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரியும், இந்தக் கடலில் திரிகிற எல்லோருக்கும் தெரியும். உறைந்த காலோடு நடக்கலாம், உருகிய காலோடு நடக்க முடியாது. உறைந்திருக்கிறவரை அது மரம், மரத்தை ஊன்றி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், நாலு நாள், ஐந்து நாள். சூடு பட்டு உருகிவிட்டால் வீங்கும், கொப்புளம் விடும், அதற்குப் பிறகு வண்டியில் மூட்டையோடு மூட்டையாகக் கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் அடுப்பை விட்டுத் தள்ளி, காற்று வருகிற கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மத்தியானமே இக்னாத் கேட்டான், அடுப்பு இங்கே இருக்க நீ கதவுக்கிட்ட என்ன பண்ணுகிறாய் என்று. புகை கண்ணை எரிக்கிறது என்றான் சவேலி. அவன் சிரித்தான், கண்ணைப் பற்றி என்னிடமா சொல்கிறாய் என்று. சிரித்தபோது தேயிலைச் சக்கை ஒன்று கன்னத்தில் வழிந்து காதுவரை போயிற்று, எடுக்காமலே கிடந்தான். ஊரில் கோயில் வாசலில் கட்டைக்கால் எஃபிம் உட்கார்ந்திருப்பான். வருகிற போகிறவர்களிடமெல்லாம் இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று கேட்பான், காற்று அவன் மூஞ்சியிலேயே அடித்துக்கொண்டிருக்கும். அவனுக்குக் காற்று வேண்டாம், ஒரு ஆள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சவேலி ஒரு தடவைகூட நின்றதில்லை. வடகிழக்கு என்று சொல்லிக்கொண்டே போய்விடுவான்.

இரண்டு ஜோடி போட்டதுதான் தப்பு. யோசித்தால் சிரிப்பாக வருகிறது, வரவேண்டிய இடத்தில் ஏதோ மரத்துக் கிடப்பதால் வாய் மட்டும் கோணுகிறது. கிளம்புகிற அன்றைக்குச் சண்டை. பெரிய சண்டையெல்லாம் இல்லை. ஐம்பத்துமூன்று வயதாகிறது, வடக்கே இருக்கிறதாக எல்லோரும் பேசிக்கொள்கிற அந்தத் தீவு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதுபாட்டுக்கு இத்தனை காலம் இருக்கவில்லையா, நீங்கள் பார்க்காவிட்டால் கரைந்தா போய்விடும் என்றாள் மார்ஃபா. உனக்கு என்ன தெரியும் என்றான். அவள் உள்ளே போய், பின்னி முடித்த காலுறையைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். சாம்பல் நிறம், மேல் ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு வரி. இவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாய்கள் இழுத்துக்கொண்டு நின்றன, சத்தத்தில் சொன்னாலும் கேட்டிருக்காது, இருந்தாலும் சொல்லியிருக்கலாம். அதனால் கடலில் இறங்கிய ஐந்தாம் நாள், குளிர் ஏறியபோது, அந்தக் காலுறையைப் பழையதின் மேலேயே மாட்டிக்கொண்டான். பூட்ஸ் இறுகியது. பூட்ஸ் இறுகினால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாவிட்டால் கால் உறையும் என்பது இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவன் எத்தனை புது ஆட்களைத் திட்டியிருப்பான், இரண்டு போடாதே, ஒன்று போடு, அடியில் உலர்ந்த புல்லை வை, புல்லைத் தினமும் மாற்று என்று. தெரிந்தும் போட்டான். காலில் இரண்டாவது காலுறை இருக்கிறது என்கிற நினைப்பு அன்று முழுக்க இதமாக இருந்தது, அந்த இதத்திலேயே கால் போய்விட்டது. வலது பூட்ஸ் கொஞ்சம் தொளதொள, அது தப்பித்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது. சொல்லவே போவதில்லை. காரணம் கேட்டால் பனி வெடிப்பில் கால் இறங்கிவிட்டது என்று சொல்லிவிடலாம், நம்புவாள். இல்லை, நம்பமாட்டாள், சலவைக்கு எடுக்கும்போது எண்ணிப் பார்ப்பாள். இடது காலில் இரண்டு உறை, புதிது வெளியே. உடனே புரிந்துகொள்வாள், ஒன்றும் சொல்லமாட்டாள், இனிமேல் அவன் எங்கேயும் போகப் போவதில்லை என்று அடுப்படியில் நின்று ஒரு நிமிஷம் சந்தோஷப்படுவாள், அப்புறம் அந்தச் சந்தோஷத்துக்காக அழுவாள். அந்த ஒரு நிமிஷச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இவனுக்கு என்னவோ செய்கிறது. காலுக்காக ஒன்றும் செய்யவில்லை.

கெட்டிலில் ஏதோ ஒன்று சொத்தென்று விழுந்தது, பனிக்கட்டி உள்ளே சரிந்திருக்கும். இனிக் கொஞ்ச நேரம்தான். கொதித்ததும் டீ, டீக்கு முன்னால் கால். அதுதான் வழக்கம், அதை மீறுகிற ஆளோடு எந்த வண்டியோட்டியும் கடலில் இறங்கமாட்டான். ஒவ்வொரு மாலையும், மாலை என்று இவர்கள் சொல்லிக்கொள்கிற நேரத்தில், மே மாதத்தில் சூரியன் எங்கே மறைகிறது, ஒருவன் பூட்ஸை மற்றவன் கழற்றி விரல் விரலாகப் பார்க்க வேண்டும். தன் காலைத் தானே பார்க்கக் கூடாது. தன் காலைப் பார்க்கிறவன் வெள்ளையைப் பார்த்துவிட்டு நிழல் என்று நினைத்துக்கொள்வான், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று மூடிவைப்பான், இப்படித்தான் ஆட்கள் போயிருக்கிறார்கள். இக்னாத்துக்குக் கண் போன பிறகும் வழக்கம் நிற்கவில்லை, கையால் பார்க்கிறான். முந்தாநாள் சவேலி வலது காலைக் கொடுத்தான். இக்னாத் தடவிப் பார்த்து, சரி, அடுத்தது என்றான். சவேலி கொஞ்சம் புரண்டு உட்கார்ந்து, பூட்ஸ் கழற்றுகிற மாதிரி சத்தம் பண்ணி, அதே வலது காலை மறுபடி கொடுத்தான். யோசித்துச் செய்ததாகக்கூட ஞாபகம் இல்லை, கால் தானாகப் போய்விட்டது. நேற்றும் அப்படியே. இக்னாத் நேற்றும் சரி என்றான். ஒரு குருடன் கையில் ஒரே காலை இரண்டு தடவை கொடுப்பது எந்த மாதிரிப் பாவம் என்று யோசித்தால், பாதிரியாரிடம் சொல்கிறதுக்குக்கூட அதற்கு ஒரு பெயர் இல்லை.

அந்தக் கண் போனதே இவனால்தான். நாலு நாளைக்கு முன்னால் இந்தத் தீவின் வடமுனையில் ஏறி நின்றபோது சவேலிதான் முதலில் பார்த்தான். பனிக்கு அப்பால், வெகுதூரத்தில், நீலமாக மூன்று மேடு, நடு மேட்டில் ஒரு பக்கம் வெட்டியெடுத்த மாதிரி இருந்தது. கை நீட்டினான். இந்தத் தீவும் இதற்குத் தெற்கே இருக்கிற இரண்டும் வேறு ஒரு வியாபாரியின் பெயரில் இருக்கின்றன, அவன் செத்து முப்பது வருஷமாகிறது, ஆனாலும் ஒவ்வொரு தடவை கரையேறும்போதும் அவன் பெயரைச் சொல்லித்தான் ஏற வேண்டியிருக்கிறது. அவன் நட்ட சிலுவைக்குப் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பழைய யானைகளின் தந்தத்தைத் தோண்டி எடுத்துப் போக இருபத்திரண்டு வருஷமாக வருகிறான். ஈரமண்ணும் தொழுவமும் சேர்ந்த அந்தத் தந்த வாடை கைவிட்டுப் போவதே இல்லை, மார்ஃபா கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டில் வைக்கச் சொல்வாள். அந்த யானைகள் பூமிக்கு அடியில் நடமாடுகிறவை, வெளிச்சம் பட்டால் செத்துப்போகும் என்று இக்னாத்தின் இனத்து ஆட்கள் சொல்வார்கள். எதையுமே இவன் முதலில் பார்த்ததில்லை. எல்லா இடத்திலும் யாரோ வந்து போன பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறான். அந்த மூன்று மேட்டையும் யாரும் பார்த்ததில்லை. அவன் நீட்டிய கையைப் பார்த்த இக்னாத், பனி வெயில் கண்ணைக் கெடுக்காமல் இருக்கக் கட்டிக்கொள்கிற, நடுவில் மெல்லிய கீறல் விட்ட மரச்சில்லைக் கண்ணிலிருந்து கழற்றினான். அந்தச் சில்லைப் போட்டுக்கொண்டு பார்த்தால் தூரத்தில் ஒன்றும் பிடிபடாது. கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தான், பனி மேல் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது, ரொம்ப நேரம் பார்த்தான். இருக்கு என்றான். அடுத்த நாள் காலை கண்ணில் மணல் கொட்டினாற்போல இருக்கிறது என்றான், அன்று மாலைக்குள் கண் திறக்க முடியவில்லை. குடிசைக்குத் திரும்பினார்கள். கடல் ஒதுக்கிய மரங்களை அடுக்கிக் கட்டிய குடிசை, யார் கட்டியது என்று தெரியாது, அதுவும் யாரோ. கண் சரியாக நாலு நாள் ஆகும், சரியானதும் வடக்கே போவது என்று முடிவு. நாளைக் காலை துணியை அவிழ்க்க வேண்டும். பன்னிரண்டு நாய்க்கும் ஒன்பது நாளைக்குக் கருவாடு இருக்கிறது, வடக்கே போனால் தெற்கே திரும்ப அது சரியாக இருக்கும், ஒரு நாள் தப்பினாலும் சரியாக இருக்காது. காலைக் காட்டினால் நாளைக்கு வண்டி தெற்கே திரும்பும். அடுத்த வருஷம் என்பார்கள். ஐம்பத்துநாலு வயதில், ஒற்றைக் காலோடு, அடுத்த வருஷம். வேறு எவனாவது ஒருவன் அந்த மேட்டின் மேல் சிலுவை நடுவான்.

ஆனால் மேடு இல்லை. இதைத்தான் அவன் நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றி வந்து, தொடாமல் போய்க்கொண்டிருக்கிறான், வீட்டில் ஏதோ ஒரு அறையைத் திறக்காமல் நடமாடுகிற மாதிரி. கண் கட்டிய முதல் நாள் அவன் தனியாகக் குடிசைக்குப் பின்னால் இருக்கிற பாறையில் ஏறினான், கால் அப்போதே மரத்திருந்தது, ஏறினான். இருந்தது. இரண்டாம் நாள் இல்லை. கறுப்பாக ஒரு ஆவி மட்டும் வானத்தில் நின்றது, பனி பிளந்து தண்ணீர் தெரிகிற இடத்தில் அப்படித்தான் நிற்கும். மூடுபனி என்று சொல்லிக்கொண்டான். இன்று காலை மூடுபனி இல்லை, மேடும் இல்லை, கத்தியால் இழுத்த கோடுபோலக் கடல். இறங்கி வந்து, இக்னாத் கேட்டபோது, இருக்கிறது என்றான். நேற்றும் இருக்கிறது என்றுதான் சொன்னான். ஒரு ஆள் தன் கண்ணைக் கொடுத்துப் பார்த்திருக்கிறான், அவனிடம் போய் இல்லை என்று எப்படிச் சொல்வது. அதோடு இரண்டு பேர் பார்த்திருக்கிறோம். ஒருவன் கண் ஏமாற்றும், இரண்டு பேர் கண்ணும் ஒரே மாதிரி ஏமாற்றுமா. இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவன் காலைக் கதவிடுக்கில் வைத்திருக்கிறான். இக்னாத்தும் பார்த்தான். இக்னாத் இருக்கு என்றான். அப்படியானால் இருக்கிறது.

கெட்டில் மூடி தட்டத் தொடங்கியது. கருகல் வாடை வந்துவிட்டது. இக்னாத் எழுந்து உட்கார்ந்து, தடவித் தடவி அடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கி வைத்தான். இரண்டு கையையும் முன்னால் நீட்டினான்.

"கால்."

சவேலி நகர்ந்து போய் வலது காலைக் கொடுத்தான். இக்னாத்தின் கை சூடாக இருந்தது, கரடுமுரடாக இருந்தது. சுண்டு விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அமுக்கினான், குதிகாலைப் பிடித்துப் பார்த்தான். அடுத்தது என்றான். சவேலி புரண்டான். பூட்ஸைத் தரையில் தேய்த்தான். வலது காலை மறுபடி கொடுத்தான். இக்னாத் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தடவாமல், கட்டைவிரல் நகம் உடைந்து வளர்ந்திருக்கிற இடத்தில் தன் விரலை வைத்தபடி சும்மா இருந்தான்.

"உங்களுக்கு ரெண்டு வலது கால், முதலாளி," என்றான்.

வெளியே ஒரு நாய் எழுந்து, சிலிர்த்து, மறுபடி படுக்கும் சத்தம் கேட்டது. முதலாளி என்ற சொல் குடிசைக்குள் நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் பனியின் மேல் அவன் அதைச் சொன்னதில்லை. சவேலிக்கு முகம் சுடும் என்று தோன்றியது, சுடவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?"

"முந்தாநாளே தெரியும். கண்ணுதான போச்சு, கை இருக்குல்ல."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். நேத்தும் இருந்தேன்."

அதற்குப் பிறகு சவேலி இடது காலை எடுத்து, இரண்டு கையாலும் தூக்கி, அவன் மடியில் வைத்தான். இக்னாத் பூட்ஸைக் கழற்றப் பார்த்தான், வரவில்லை, கத்தியை எடுத்துத் தோலைப் பக்கவாட்டில் கிழித்தான். காலுறையில் கத்தி பட்டபோது சவேலி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அதைக் கிழிக்காதே, மார்ஃபா பின்னினது என்றான். இக்னாத் கத்தியை வைத்துவிட்டு, உறைந்து ஒட்டியிருந்ததை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து உருவினான். அடியில் இன்னொன்று வந்தது. இரண்டையும் கையில் வைத்து எடைபார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, அடுப்புக்கு மேலிருந்த கயிற்றில் தொங்கவிட்டான். அவன் ஒன்றும் கேட்காமல் விட்டது, கேட்டிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட, சவேலிக்குக் கஷ்டமாக இருந்தது. கால் மெழுகு மாதிரி இருந்தது. இக்னாத் பார்க்கவில்லை, சவேலிதான் பார்த்தான், பார்க்கக் கூடாததைப் பார்த்தான். சட்டியில் கொஞ்சம் பனியும் கொஞ்சம் வெந்நீரும் கலந்து, வெதுவெதுப்பு வந்ததும் காலை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டான் இக்னாத்.

"வடக்கே ஒண்ணும் இல்ல," என்றான் சவேலி. "நேத்திலிருந்தே இல்ல. உன்கிட்ட இருக்குன்னு சொன்னேன். ஆனா அன்னிக்கு நீயும் பார்த்தியே, இக்னாத்."

இக்னாத் தண்ணீருக்குள் கையை அசைத்துக்கொண்டிருந்தான்.

"நான் ஒண்ணும் பார்க்கல. எவ்வளவு நேரம் பார்த்தும் தெரியல. நீ கைய நீட்டினே. இத்தனை வருஷத்துல நீ எதையும் அப்படிக் கை நீட்டிக் காட்டினதில்ல. அதான் இருக்குன்னேன்."

கெட்டிலில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. இக்னாத் மெதுவாகப் பேசினான், காலோடு பேசுகிற மாதிரி. மூணு நாளாகப் படுத்துக்கொண்டு காதை வைத்துக் கேட்கிறேன், இது காட்டுவாத்து வடக்கே போகிற மாசம், அங்கே தரை இருந்தால் முட்டையிட அங்கே போகணும், ஒரு கூட்டம்கூட இந்தக் குடிசைக்கு மேலே போகவில்லை, நீ மனசு விடாதே, தெற்கே போக ஒன்பது நாள் கருவாடு போதும் என்றான். சவேலி தலையாட்டினான், தலையாட்டினது அவனுக்குத் தெரியாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. சரி என்றான். சரி என்றதும் உள்ளே எதுவோ இறங்கும் என்று காத்திருந்தான். இறங்கவில்லை. குதிகாலில் மட்டும், எங்கேயோ ஆழத்தில், ஒரு எறும்பு கடித்த மாதிரி இருந்தது. இன்னொன்று. வருகிறது. வரட்டும். இனி அந்தக் கால் எங்கேயும் நடக்காது. மார்ஃபா அடுப்படியில் நின்று திரும்பிப் பார்ப்பாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் நாய்கள் தலை தூக்கின. தெற்கிலிருந்து, உயரத்தில், கீச்சும் கரகரப்புமாகப் பல தொண்டைகள் சேர்ந்து பேசிக்கொண்டு வருவதுபோல வந்து, கூரைக்கு நேர் மேலே பெரிதாகி, தாண்டிப் போயிற்று. கதவிடுக்கில் சவேலிக்குத் துண்டு வானம் தெரிந்தது. காட்டுவாத்துகளின் நீண்ட, வளைந்த ஒரு வரிசை, பிறகு இன்னொரு வரிசை, கழுத்தை நீட்டிக்கொண்டு, தயங்காமல், வடக்கே. சட்டிக்குள் இக்னாத்தின் கை அசையாமல் நின்றிருந்தது. துணி கட்டிய முகம் கூரையைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. சத்தம் தேய்ந்து, நூலாகி, இல்லாமல் போயிற்று.

"காத்து எழும்புது," என்றான் இக்னாத்.

சவேலி இடுக்கிலிருந்து கண்ணை எடுத்தான்.

"ஆமா," என்றான். "காத்துதான்."

இக்னாத்தின் கை மறுபடி அசையத் தொடங்கியது. பிறகு கருகிய டீயை இரண்டு குவளையில் ஊற்றி, ஒன்றைத் தடவி அவன் பக்கம் நகர்த்தினான்.